ஒரு காயத்தோடு கிறிஸ்துவின் அருகே அமர்வது எப்படி?

சேலத்துக் கிறிஸ்தவர்களுக்குக் குணமளிக்கும் கூட்டங்கள் புதியவை அல்ல. மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கும் நற்செய்திப் பெருவிழா, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், முதல் வெள்ளி நற்கருணை ஆராதனை என்று ஏதோ ஒன்று நகரின் ஏதோ ஒரு மூலையில் நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே மனம் உருகி அழுது, பாரம் குறைந்தவர்களாய் வீடு திரும்பியவர்கள், சில வாரங்களிலேயே அதே எரிச்சலோடும் அதே பயத்தோடும் காலையில் எழுந்திருப்பதும் புதியதல்ல. கூட்டங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே கிடைக்கும் ஆறுதல் உண்மையானதுதான். ஆனால் கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதை மேடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த மறுநாளைப் பற்றியது.

இதன் அடிப்படை ஒன்றே. உள்ளத்தின் காயத்தையே நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பவர் குணமடைவதில்லை. காயத்தை மறைத்துவிட்டு ஆண்டவரை மட்டும் துதித்துக்கொண்டிருப்பவரும் குணமடைவதில்லை. காயத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்களை அவர்மேல் வைத்திருப்பதுதான் வழி. "நாமெல்லாரும் திறந்த முகமாய்க் கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு" அந்தச் சாயலாக மறுரூபப்படுகிறோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் சொல்வது இதைத்தான். திறந்த முகம் என்றால் முகத்திரை இல்லாத முகம். மறுரூபம் நம் முயற்சியால் செய்து முடிக்கிற காரியமாக அங்கே சொல்லப்படவில்லை; பார்த்துக்கொண்டே இருப்பவரிடத்தில் ஆவியானவர் நடப்பிக்கிற காரியமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும், காயத்துக்குச் செலவிடும் நேரத்தைவிடக் கிறிஸ்துவைப் பார்ப்பதற்குச் செலவிடும் நேரம் அதிகமாக இருக்கட்டும்.

முதலில் ஒரே ஒரு காயம்

மனத்தில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் ஆண்டவர் முன் கொட்டிவிட வேண்டும் என்று தோன்றும். அப்படிக் கொட்டினால் அழுகை வரும், தெளிவு வராது. தறி ஓடும்போது ஓர் இழை அறுந்தால், அம்மாபேட்டையிலும் குகையிலும் இருக்கும் நெசவாளர் தறியை நிறுத்தி அந்த ஓர் இழையைத்தான் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார். பாவு முழுவதையும் பிரித்துப் போடுவதில்லை. அப்படியே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மிகப் பெரியதைத் தேர்ந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. இந்த மாதத்தில் எது உங்களை அளவுக்கு மீறிக் கோபப்படுத்தியதோ, எது சம்பந்தமே இல்லாமல் கண்ணீர் வரவைத்ததோ, அதிலிருந்து தொடங்குவது நல்லது.

தேர்ந்துகொள்வதற்கு முன் 139-ஆம் சங்கீதத்தின் இறுதி வசனங்களை ஜெபமாகச் சொல்லுங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்; என்னைச் சோதித்து, என் சிந்தனைகளை அறிந்துகொள்ளும்." பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். "என் தகப்பனார் என்னை ஒருபோதும் நேசிக்கவில்லை" என்பது நடந்த நிகழ்ச்சி அல்ல, தீர்ப்பு. எங்கே, எப்போது, யார், என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் நிகழ்ச்சி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும், நாற்பதைக் கடந்த ஒருவர் தம் நோட்டில் எழுதிய முதல் வரிகளை அவருடைய அனுமதியோடு இங்கே தருகிறேன்: "பத்தாவது மார்க் வந்த அன்னைக்கு ராத்திரி. சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா, 'உனக்குப் போடற சோறு தண்டம்'னு சொன்னாரு. அம்மா ஒண்ணும் சொல்லாம ரசம் ஊத்தினாங்க. நான் சாப்பிட்டேன்." இவ்வளவுதான். இதைப் பேச்சுத் தமிழிலேயே எழுதினார் என்பதைக் கவனியுங்கள். காயம்பட்ட நாளில் காதில் விழுந்த மொழி எதுவோ, அந்த மொழியிலேயே எழுத வேண்டும். பிரசங்கத் தமிழில் எழுதினால் நிகழ்ச்சி நம்மைவிட்டு விலகிப் போய்விடுகிறது.

எழுதும்போதே உடல் நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது, பழைய நிகழ்ச்சி இப்போதே நடப்பதுபோல் தோன்றுகிறது என்றால், அந்தக் காயத்தைத் தனியாகத் தொடாதீர்கள். பாலியல் வன்கொடுமை, தொடர்ந்த அடி உதை, நெருங்கியவரின் தற்கொலை போன்றவை அப்படிப்பட்டவை. அவற்றுக்குத் துணை வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இடமும் நேரமும்

அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபம் பண்ணச் சொல்கிறது மத்தேயு ஆறாம் அதிகாரம். சேலத்தில் பலருக்கு அப்படி ஓர் அறை இல்லை. ஒரே கூடத்தில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வீடு, பக்கத்துச் சுவரில் விசைத்தறியின் ஓசை, விடியும் முன்பே தண்ணீர் பிடிக்கும் வரிசை என்ற நிலையில் அமைதியைத் தேடுவது எளிதல்ல. ஆகவே அமைதியான இடத்தைவிட மாறாத இடமே முக்கியம். மொட்டை மாடியின் ஒரு மூலை, பகலில் திறந்திருக்கும் ஆலயத்தின் கடைசி பெஞ்சு, பட்டறை திறக்கும் முன் ஒரு முக்காலி எதுவானாலும் போதும். ஷிப்டு வேலை செய்வோர் கடிகார நேரத்தைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டாம். "எழுந்தபின், காபிக்கு முன்" என்று வேலையோடு ஒட்டிய நேரமாக வைத்துக்கொள்ளலாம். இருபது நிமிடம் போதுமானது. கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அச்சிட்ட வேதாகமத்தைக் கையில் எடுங்கள். கைபேசியில் வேதம் வாசிப்பவர் நடுவில் வரும் செய்தியையும் வாசித்துவிடுகிறார்.

ஒரு சுவிசேஷக் காட்சிக்குள் அமர்வது

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1521-இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப்போன இஞ்ஞாசியார் என்ற வீரர், படுக்கையில் கிடந்தபோது கிறிஸ்துவின் வாழ்க்கையையும் புனிதர்களின் வாழ்க்கையையும் வாசித்தார். வீரசாகசங்களைப் பற்றிய கனவுகள் இனிமையாகத் தொடங்கி வறட்சியில் முடிவதையும், கிறிஸ்துவைப் பற்றிய எண்ணங்கள் நெடுநேரம் மகிழ்ச்சியை விட்டுச்செல்வதையும் அவர் கவனித்தார். பின்னர் அவர் எழுதி, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில், சுவிசேஷக் காட்சிக்குள் கண்ணாலும் காதாலும் நுழைந்து, இறுதியில் நண்பனோடு நண்பன் பேசுவதுபோல் ஆண்டவரோடு பேசும் ஜெபம் முக்கிய இடம் பெறுகிறது. இது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி மற்றச் சபையார் ஒதுங்கத் தேவையில்லை. செய்வது வேத வாசிப்பைத்தான்.

காயத்துக்கு ஏற்ற ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவமானத்தைச் சுமப்பவருக்கு யோவான் நான்காம் அதிகாரத்துச் சமாரியப் பெண், பன்னிரண்டு வருடம் மறைத்துவைத்த துயரத்துக்கு மாற்கு ஐந்தாம் அதிகாரத்துப் பெரும்பாடுள்ள ஸ்திரீ, தன் தவற்றை நினைத்துக் குமுறுபவருக்கு யோவான் 21-இல் பேதுரு. எதை எடுப்பது என்று தெரியாதவர்கள் யோவான் ஐந்தாம் அதிகாரத்தின் முதல் பதினைந்து வசனங்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. அதை எப்படி ஜெபிப்பது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் பகுதியை வாய்விட்டு, மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு அந்த இடத்தைப் பாருங்கள். எருசலேமில் ஆட்டு வாசலுக்கு அருகே பெதஸ்தா என்ற குளம், ஐந்து மண்டபங்கள், தரையெங்கும் நோயாளிகள். அவர்களுள் ஒருவன் 38 வருடமாய் வியாதிகொண்டிருக்கிறான். அவன் படுத்திருக்கும் பாய் எப்படி இருக்கும், அந்த மண்டபத்தின் வாடை எப்படி இருக்கும், பக்கத்தில் படுத்திருப்பவன் என்ன முனகுவான் என்று நிதானமாய்ப் பாருங்கள். பிறகு இயேசு வருகிறார். அந்தக் கூட்டத்தில் அவர் இவன் ஒருவனைப் பார்க்கிறார். நெடுநாளாய் இப்படியிருக்கிறான் என்று அறிகிறார். "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்கிறார்.

இங்கே நிறுத்துங்கள். அவசரமாய் அடுத்த வசனத்துக்குப் போகாதீர்கள். அவன் ஆம் என்று சொல்லவே இல்லை என்பது இந்தப் பகுதியின் ஆச்சரியம். "தண்ணீர் கலக்கப்படும்போது என்னைக் குளத்தில் கொண்டுபோய்விடுகிறதற்கு ஒருவருமில்லை" என்று தனக்கு யாரும் உதவாத கதையைச் சொல்கிறான். காயத்தோடு நெடுநாள் வாழ்ந்தவர்கள் அனைவரும் இந்தப் பதிலைத்தான் சொல்கிறோம். எனக்குக் குணமாக வேண்டும் என்று சொல்வதைவிட, என்னை இப்படி ஆக்கியவர்கள் யார் என்று சொல்வது எளிது. அந்தக் கதையைச் சொன்னதற்காக இயேசு அவனைக் கண்டிக்கவில்லை என்பதையும் பாருங்கள். கதையைக் கேட்டுவிட்டு, "எழுந்திரு, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட" என்கிறார்.

இப்போது உங்கள் நோட்டில் உள்ள நிகழ்ச்சியோடு அந்த மண்டபத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் உங்களைப் பார்க்கிறார். அதே கேள்வியைக் கேட்கிறார். பதிலை மனத்துக்குள் அல்ல, மெல்லிய குரலிலாவது வாயால் சொல்லுங்கள். குணமாக வேண்டாம் என்று தோன்றினால் அதையே சொல்லுங்கள். இந்தக் கோபம் போய்விட்டால் நான் யாராக இருப்பேன் என்று தெரியவில்லை என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள், அது நேர்மையான ஜெபம். சொன்னபின் சும்மா இருங்கள். ஏதாவது குரல் கேட்க வேண்டும், காட்சி தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர் பார்க்கிறார் என்பதே அந்த வேளைக்குப் போதுமான செய்தி. மனம் கடைக் கணக்குக்கோ பிள்ளையின் கட்டணத்துக்கோ ஓடினால், எரிச்சலடையாமல் மறுபடியும் குளத்தண்டைக்கு வாருங்கள்.

ஜெபம் முடிந்தபின் மூன்று நான்கு வரி எழுதுங்கள். எந்த இடத்தில் மனம் இளகியது, எந்த இடத்தில் இறுகியது, எழுந்தபின் உள்ளே என்ன எஞ்சியிருந்தது என்பது மட்டும் போதும். அந்த எச்சத்தைத்தான் இஞ்ஞாசியார் படுக்கையில் கவனிக்கக் கற்றுக்கொண்டார். ஜெபத்தில் தோன்றிய எண்ணம் ஆண்டவருடையதா, நம்முடையதா என்று சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது. உங்களை நொறுக்கி, ஒளித்து, யாரிடமும் பேசவிடாமல் செய்கிற எண்ணம், எவ்வளவு வேத வசனத்தோடு வந்தாலும், அவருடையது அல்ல. தவற்றைக் காட்டும்போதும் எழுந்து நடக்கச் சொல்கிற எண்ணம் அவருடைய சாயலில் இருக்கிறது.

அதே பகுதியை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு புதிய அதிகாரம் வாசித்துப் பழகியவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும். ஆனால் மூன்றாம் நாளுக்குமேல்தான் நாம் ஏற்கெனவே அறிந்த பிரசங்கங்கள் ஓய்ந்து, பகுதி நம்மோடு பேசத் தொடங்குகிறது. பட்டறைக்காரர் முதலிரண்டு நாளும் அப்பாவைப் பற்றியே ஜெபித்தார். அதற்குப் பிறகு ஒரு காலையில், "என்னைக் கொண்டுபோய்விட ஒருவருமில்லை" என்ற வரியில் அவருக்குத் தம் தாயார் ரசம் ஊற்றிய கை நினைவுக்கு வந்தது. தன்னை வதைத்தது அப்பாவின் சொல் என்று எண்ணியிருந்தவருக்கு, அம்மாவின் மௌனம்தான் ஆழமாய்த் தைத்திருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. இதை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்க முடியாது.

நினைவை அவர்முன் கொண்டுவருதல்

இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில், எழுதிவைத்த நிகழ்ச்சியையே ஜெபப் பகுதியாக எடுத்துக்கொள்ளலாம். பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது அவன் ஆண்டவரை மறுதலித்தான் என்று யோவான் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. உயிர்த்த இயேசு கடற்கரையில் சீஷர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்தபோதும் அங்கே கரிநெருப்பு இருந்தது என்கிறது 21-ஆம் அதிகாரம். அதன் பக்கத்தில் வைத்துத்தான் மூன்று முறை, "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்ற கேள்வி வந்தது. இயேசு பேதுருவை அந்த நினைவிலிருந்து தப்பி ஓடவிடவில்லை. அதே நெருப்பின் வாடைக்குள் மறுபடியும் அழைத்து, இம்முறை அவன் பக்கத்தில் தாமே உட்கார்ந்தார். சாப்பாட்டையும் முதலில் கொடுத்தார், கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

அவ்வாறே உங்கள் நிகழ்ச்சியின் இடத்துக்குப் போங்கள். அந்தச் சமையலறை, அந்த வகுப்பறை, அந்தத் திருமண மண்டபம். "ஆண்டவரே, அன்றைக்கு நீர் எங்கே இருந்தீர்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நடக்காததை நடந்ததாகக் கற்பனை செய்யாதீர்கள். அப்பா மன்னிப்புக் கேட்டதுபோலவோ, இயேசு அப்பாவின் வாயை அடைத்ததுபோலவோ படம் ஓட்டுவது ஆறுதலாகத் தோன்றினாலும் அது உண்மையின்மேல் நிற்காது, உண்மையில் நிற்காத ஆறுதல் தங்காது. மறந்துபோனதைத் தோண்டி எடுக்கவும் முயலாதீர்கள். "உனக்குச் சிறுவயதில் ஏதோ நடந்திருக்கிறது, யோசி, யோசி" என்று ஜெபத்தில் நெருக்குபவர்களைவிட்டு விலகியிருங்கள், ஏனெனில் நெருக்குதலில் நினைவுகள் புதிதாய் உருவாகிவிடவும் கூடும்.

பல நாட்கள் பதிலே இல்லாமல் போகலாம். அப்போது 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று அது தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ ஆறுதலான முடிவுகூட இல்லாமல் இருளிலேயே முடிந்துபோகிறது. அப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் கொடுக்கப்பட்டிருக்கும்போது, நம் சபைகளில் சாட்சி சொல்ல முடியாதவர்கள் தங்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று எண்ணிக்கொள்வது தேவையற்றது. தம் உடலில் முள்ளாய்க் குத்திய துன்பத்தை நீக்கும்படி பவுல் வேண்டியும் அது நீக்கப்படவில்லை என்பதையும் நாம் போதுமான அளவு பிரசங்கிப்பதில்லை.

மன்னிப்பைப் பற்றி

உள்ளார்ந்த குணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே, "மன்னித்துவிடு" என்கிறார்கள். மன்னிப்பு வேண்டும் என்பதில் கிறிஸ்தவர் எவருக்கும் மறுப்பு இருக்க முடியாது. எழுபது தரம் ஏழு முறை மன்னிக்க வேண்டும் என்பது இயேசுவின் வாய்மொழி. ஆனால் எது மன்னிக்கப்படுகிறது என்பது தெரியும் முன்பே சொல்லப்படும் மன்னிப்பு, காயத்தின்மேல் போட்ட துணியாக மட்டும் நிற்கிறது. யோசேப்பின் கதையில் ஆதியாகமம் 42 முதல் 45 வரை அவன் தனியே போய் அழுகிறான், சகோதரரைச் சோதிக்கிறான், தாமதிக்கிறான். அதன்பிறகே தன்னை வெளிப்படுத்துகிறான். கடைசி அதிகாரத்திலும், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று தீமையைத் தீமை என்றே சொல்லிவிட்டுத்தான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். அந்த வரிசையை நாம் மாற்ற வேண்டியதில்லை. "ஆண்டவரே, மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை, மனம் வரவேண்டும் என்ற ஆசையையாவது தாரும்" என்பது மன்னிப்பின் தொடக்கமாகப் பலருக்கு இருந்திருக்கிறது.

மன்னிப்பதும் மறுபடியும் அடி வாங்கத் திரும்பிப்போவதும் ஒன்றல்ல. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம், "எல்லாவற்றையும் மன்னித்துத் திரும்பிப் போம்மா" என்று ஒரு பெண்ணை அனுப்பிவைப்பவர் சபையில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், அவர் சொல்வது சுவிசேஷம் அல்ல. அந்த நிலையில் இருப்பவர் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டும் மன்னிக்க முடியும்.

துணைக்கு ஒருவர்

கிறிஸ்துவோடுள்ள நெருக்கம் தனிமையில் வளர்ந்தாலும், தனிமையிலேயே முடிந்துவிடக் கூடாது. சேலத்தில் இதற்கு இரண்டு நல்ல மரபுகள் உண்டு. 1827-இல் லண்டன் மிஷன் ஊழியத்தோடு தொடங்கி, பின்னர் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த சபைகளில் வேதத்தை உட்கார்ந்து வாசித்துத் தெளிந்த மூத்த விசுவாசிகள் இருக்கிறார்கள். 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் பங்குகளில் ஒப்புரவு அருட்சாதனம் என்னும் பாவ அறிக்கைக்கும், ஆன்ம வழிகாட்டுதலுக்கும் குருக்களையும் கன்னியர்களையும் அணுக முடியும். யாரைத் தேர்ந்துகொள்வது என்பதற்கு ஒரே அளவுகோல் போதும்: அவரிடம் சொன்னது வேறு யார் வாயிலாவது திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அந்தரங்கத்தை, ஊர் பெயரோடு சாட்சியாக மேடையில் சொல்பவரும், ஜெபத்துக்கு முன்னாலோ பின்னாலோ காணிக்கையைப் பற்றிப் பேசுபவரும், பூட்டிய அறையில் தனியே வரச் சொல்பவரும் வேண்டாம். பெண்களுக்குப் பெண்கள் துணையிருப்பது நல்லது. மாதம் ஒரு முறை, நோட்டில் எழுதியதிலிருந்து நீங்கள் விரும்பியதை மட்டும் பகிர்ந்துகொண்டால் போதும். அவர் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை, கேட்டு, உங்களோடு சேர்ந்து ஜெபித்தால் போதும்.

மருத்துவரும் இந்தத் துணையில் ஒருவர்தான். சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு, 1 இராஜாக்கள் 19-இல், தேவதூதன் முதலில் கொடுத்தது போதனை அல்ல. சுட்ட அடையும் தண்ணீரும் தூக்கமும், பிறகு மறுபடியும் சாப்பாடு. ஓரேப் மலையில் கடவுளின் அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். தொடர்ந்து தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் அவசரமென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, "விசுவாசமிருந்தால் நிறுத்து" என்று சொல்பவரின் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள்.

ஏற்காட்டில் ஒரு நாள்

வாய்ப்புள்ளவர்கள் இந்தப் பயிற்சியின் நடுவில் ஒரு முழு நாளை மௌனத்துக்கு ஒதுக்குவது நல்லது. நம் ஊர்க்காரர்களுக்குச் சேர்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்து உண்டு. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் வந்துவிடும். சனி, ஞாயிறும், கோடை விழா நடக்கும் மே மாதமும் வேண்டவே வேண்டாம். அந்த நாட்களில் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஜெபிப்பதைவிட, சேலத்து நான்கு ரோட்டின் நெரிசலில் நின்று ஜெபிப்பது எளிது. வாரநாளில் போங்கள், ஸ்வெட்டரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், குரங்குகள் பையைப் பிடுங்காதபடி சாப்பாட்டை உள்ளே வையுங்கள். மலையில் துறவற சபைகள் நடத்தும் தியான இல்லங்கள் உண்டு. பங்குத்தந்தை ஒருவர் மூலமாக முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் ஒரு நாள் இடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இல்லையென்றால் ஆலயத்திலோ, போக்குவரத்துக் குறைந்த சாலையோரத்திலோ அமரலாம். காபித் தோட்டங்கள் தனியாருடையவை, அனுமதியின்றி உள்ளே போக வேண்டாம். அதிலும் பழம் பறிக்கும் காலத்தில் வேலை நடக்குமாதலால் அங்கே தனிமையும் இருக்காது.

அந்த நாளுக்கு, உயிர்த்த இயேசு சீஷர் இருவரோடு எம்மாவு ஊருக்கு நடந்த லூக்கா 24-ஆம் அதிகாரப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், நடப்பதற்கு ஏற்ற பகுதி அது. காலையில் நடந்துகொண்டே, சீஷர்கள் இருவரும் சொன்ன, "நம்பியிருந்தோம்" என்ற சொல்லை உங்கள் வாழ்க்கையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: இந்தத் திருமணத்தை நம்பியிருந்தேன், இந்த வேலையை நம்பியிருந்தேன், இந்தப் பிள்ளையை நம்பியிருந்தேன். ஆண்டவரை அறியாமலே அவரிடம் அவர்கள் முழுக் கதையையும் சொல்லி முடிக்கும் வரை அவர் கேட்டுக்கொண்டு நடந்தார். பிற்பகலில் ஓரிடத்தில் உட்கார்ந்து, அவர் அப்புறம் போகிறவர்போலக் காண்பித்த இடத்தில் நில்லுங்கள். தம்மைத் திணிக்காதவர் அவர். வருந்திக் கேட்டுக்கொண்ட பிறகே வீட்டுக்குள் வந்தார். "நீர் எங்களுடனே தங்கியிரும்" என்ற ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர அந்தப் பிற்பகலில் வேறொன்றும் செய்ய வேண்டாம். படம் எடுத்து அனுப்புவதையும் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றத்தை எங்கே பார்ப்பது

ஜெபத்தில் கண்ணீர் வந்ததா, உடல் சிலிர்த்ததா என்பது மாற்றத்தின் அளவுகோல் அல்ல. கலாத்தியர் ஐந்தாம் அதிகாரம் ஆவியின் கனியாகச் சொல்லும் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் ஆகியவற்றில் பெரும்பாலானவை பக்கத்தில் இருக்கிற மனிதர்களால்தான் பார்க்கப்படக்கூடியவை. ஆகவே உங்கள் வீட்டாரைக் கவனியுங்கள். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் பிள்ளைகள் தொலைக்காட்சியை அணைக்கிறார்களா, அல்லது உங்களிடம் ஓடிவருகிறார்களா என்பதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. பட்டறைக்காரர் பல வருடங்களாகப் பட்டறையிலேயே நின்றபடி சாப்பிட்டுவிட்டு வருவதை வழக்கமாக வைத்திருந்தார். வேலை மிகுதி என்றுதான் அவரும் நம்பியிருந்தார். இப்போது வாரத்தில் சில இரவுகளாவது பத்தாவது படிக்கும் மகனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். மார்க்கைப் பற்றிய பேச்சு வரும்போது இன்னும் குரல் உயர்கிறது என்று அவரே சொல்கிறார். ஆனால் உயர்ந்த குரல் அவர் காதிலேயே விழுகிறது, பாதியில் நிறுத்தவும் முடிகிறது.

பழைய நினைவு மறுபடியும் குத்தினால், எல்லாம் வீணாயிற்று என்று எண்ண வேண்டாம். குத்தும்போது முன்பு என்ன செய்தீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று நோட்டின் முதல் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு காயம் ஆறத் தொடங்கியவுடன் அடுத்ததைத் தேடிப் பட்டியல் போடுவதும் கூடாது. உள்ளத்தைக் கிண்டிக்கொண்டே இருப்பது ஒரு பழக்கமாகிவிடும். பெதஸ்தாவில் குணமானவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் யார் என்றே தெரியவில்லை. பிறகு இயேசுதாமே அவனைத் தேவாலயத்தில் கண்டு பேசினார். ஆகையால் அடுத்த சில மாதங்களுக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு, அதே இடத்தில், அதே இருபது நிமிடத்தில், மாற்கு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சிறு பகுதியாக வாசியுங்கள். மொத்தம் 16 அதிகாரங்கள்தான். ஒவ்வொரு பகுதியிலும் அவர் என்ன செய்கிறார், யாரைப் பார்க்கிறார், எதற்குக் கோபப்படுகிறார், எங்கே களைத்துத் தூங்குகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். உங்களைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று சில காலம் தேட வேண்டாம்.